நாற்பது ஏக்கர், பத்து ஏக்கர்: தென் கரோலினா பயணக் குறிப்புகள்

ஞாயிறு, சார்ல்ஸ்டன்

சார்ல்ஸ்டன் வருகிறவர்கள் முதலில் துறைமுகத்துக்குப் போய், தண்ணீருக்கு நடுவே தெரியும் சம்டர் கோட்டையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1861 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த இடம் அது. நாங்களும் எடுத்தோம். ஆனால் போர் எப்படித் தொடங்கியது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. முடிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். நாற்பது லட்சம் அடிமைகள் விடுதலையாகியிருந்தார்கள். சவுக்கால் அடித்தவனும் அடி வாங்கியவனும் மறுநாள் காலையில் அதே ஊரில்தான் கண்விழித்தாக வேண்டும். 1865 முதல் 1877 வரையிலான அந்தக் காலத்தை மறுசீரமைப்புக் காலம் என்கிறார்கள்.

பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகளும் மாப்பிள்ளையும் வட கரோலினாவின் சார்லட் நகரில் இருக்கிறார்கள். “எல்லோருடைய அப்பாவும் நயாகரா பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் மட்டும் கல்லறையும் கச்சேரியும் கேட்கிறீர்கள்” என்று மகள் அலுத்துக்கொண்டாலும், விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். காரை ஓட்டுவது மாப்பிள்ளை. என் மனைவி பின்சீட்டில் முறுக்கு டப்பாவோடு.

காலையில் ஹாம்ப்டன் பூங்காவுக்குப் போனோம். பெரிய ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு சாலை, நடைப்பயிற்சிக்காரர்கள், நாய்கள். அந்த நீள்வட்டம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் அதைத் திறந்தவெளிச் சிறையாக்கி, பிடிபட்ட வடக்குப் படையினரை அடைத்தார்கள். நோயிலும் வெயிலிலும் குறைந்தது 257 பேர் இறந்தார்கள். எல்லோரையும் சேர்த்து ஒரே இடத்தில் போட்டு மூடிவிட்டார்கள். 1865 பிப்ரவரியில் நகரம் விழுந்ததும் வெள்ளையரில் வசதி உள்ளவர்கள் ஓடிப்போனார்கள். எஞ்சி நின்ற கறுப்பர்கள், அந்த உடல்களைத் தோண்டி எடுத்து முறையாகத் தனித்தனியே அடக்கம் செய்து, சுற்றி வேலி கட்டினார்கள். மே 1 அன்று பத்தாயிரம் பேர் திரண்ட ஊர்வலம். முன்னால் மூவாயிரம் பள்ளிக் குழந்தைகள், கை நிறையப் பூக்களோடு. போரில் மடிந்தவர்களுக்காக அமெரிக்கர்கள் இன்று மே மாதக் கடைசியில் கடைப்பிடிக்கும் நினைவு நாளின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று இது. நகரம் இதை அடியோடு மறந்துபோயிருந்தது. டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் பழைய காகிதங்களிலிருந்து இதை மீட்டெடுத்தார்.

முகம் தெரியாத 257 பேருக்கு முன்னாள் அடிமைகள் நின்று கருமாதி செய்த அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். வேட் ஹாம்ப்டன் தெற்குப் படையின் தளபதி, பெரும் அடிமை உடைமையாளர். 1876 தேர்தலில் சிவப்புச் சட்டை போட்ட துப்பாக்கிக் கூட்டத்தின் துணையோடு மாநில ஆளுநராகி, மறுசீரமைப்பை முடித்துவைத்தவர். உடல்கள் பின்னாளில் தேசியக் கல்லறைகளுக்குப் போய்விட்டன. பெயர் மட்டும் நிற்கிறது. 2014இல் அதே பூங்காவில், அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக 1822இல் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வீசிக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஊர் தன் கணக்கை இப்படித்தான் நேர்செய்கிறது போலும். இந்தப் பூங்காவில் பழையதை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒன்றை நட்டுவிட்டார்கள்.

மாலையில் இமானுவேல் தேவாலயத்தின் முன்னால் சற்று நின்றோம். வீசியோடு தொடர்புடைய சபை இது. 2015 ஜூன் 17 அன்று வேதபாட வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் போதகர் கிளமென்டா பிங்க்னியும் ஒருவர். மாநில மேலவை உறுப்பினரும்கூட. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைக் குறிப்பில், நான் சற்றும் எதிர்பார்க்காத ஓரிடத்தில், மறுபடி வருகிறது.

திங்கள், சவானா

இரண்டு மணி நேரப் பயணம். மாநிலம் மாறிவிட்டது, இது ஜார்ஜியா. சவானா சதுக்கங்களால் ஆன ஊர். ஒவ்வொரு சதுக்கத்திலும் நிழல், பெஞ்சு, யாராவது ஒரு கல் மனிதர். மாடிசன் சதுக்கத்தை ஒட்டியிருக்கும் கிரீன் மெல்ட்ரிம் வீட்டுக்காகத்தான் வந்தோம். ஒரு பருத்தி வியாபாரி கட்டிய மாளிகை. இரும்புப் பூவேலை செய்த தாழ்வாரம். 1864 டிசம்பரில் நகரத்தைப் பிடித்த வடக்குத் தளபதி ஷெர்மன் இங்கேதான் தங்கினார்.

1865 ஜனவரி 12 மாலை, இந்த வீட்டு மாடியில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும். மறுபக்கம் இருபது கறுப்பினப் போதகர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர், வயது 67. ஆயிரம் டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று அரசாங்கம் அந்த மக்களிடமே கேட்டது. கேள்வி பதில் முழுவதும் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டபோது, ஒருவனுடைய சம்மதம் இல்லாமல் எதிர்க்க முடியாத பலத்தால் அவன் உழைப்பை வாங்கிக்கொள்வது என்றார் ஃபிரேசியர். எப்படிப் பிழைப்பீர்கள் என்ற கேள்விக்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பயிரிடுவோம் என்றார். வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனியாகவா? தனியாக இருப்பதே எனக்கு விருப்பம், எங்கள் மீதான துவேஷம் போக வெகுகாலம் ஆகும், ஆனால் மற்றவர்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது என்றார். வடக்கிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் லிஞ்ச் என்ற இளம் போதகர் ஒருவர் மட்டும் மாறுபட்டு, சேர்ந்தே வாழ வேண்டும் என்றார். ஒரே அறையில், ஒரே மாலையில், பிளவுபட்ட ஒரு சமூகத்தின் மொத்த வாதமும் நடந்து முடிந்துவிட்டது.

நான்கு நாட்களில் ஷெர்மனின் சிறப்புக் களக் கட்டளை எண் 15 வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், ஆறுகளை ஒட்டிக் கைவிடப்பட்ட நெல் வயல்கள், கடலிலிருந்து முப்பது மைல் உள்ளே வரை, தெற்கே ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை, விடுதலையானவர்களுக்கு. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். சில மாதங்களில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் குடியேறிவிட்டார்கள்.

சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கட்டளையின் முழு வாசகத்தையும் மகளுடைய செல்பேசியில் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் படித்த கண், சும்மா இருக்குமா? கொடுப்பது அனுபோக உரிமை மட்டும். முழு உரிமையை நாடாளுமன்றம் பின்னால் முறைப்படுத்தும் என்று ஒரு வரி. அந்த அனுபோகச் சீட்டும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று இன்னொரு வரி. இப்படி ஒரு ஆவணத்தை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், கொண்டுவந்தவரை உட்காரவைத்து, ஐயா, இதை நம்பி வீடு கட்டாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். ஒப்புதல் தர வேண்டிய நாற்காலியில் ஆண்ட்ரூ ஜான்சன் உட்கார்ந்தார். மே மாதம் 29ஆம் தேதி தெற்கத்தியருக்குப் பொது மன்னிப்பு அறிவித்து, அடிமைகள் நீங்கலான சொத்துகளைத் திருப்பித் தரும் வழியையும் திறந்துவிட்டார்.

செவ்வாய், ஹில்டன் ஹெட் வழியாக பியூஃபோர்ட்

ஹில்டன் ஹெட் தீவில் அதிக நேரம் இல்லை. கோல்ஃப் திடல்களும் வாயிற்காவல் போட்ட குடியிருப்புகளும்தான். அந்தக் குடியிருப்புகள் பலவற்றின் பெயரோடு பிளாண்டேஷன், அதாவது அன்று அடிமைகள் உழைத்த பெருந்தோட்டம், என்ற சொல் பெருமையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிமைகளின் வழிவந்த, ‘கல்லா’ (Gullah) என்று அழைக்கப்படும் மக்களின் பழைய இடுகாடுகள் சில அந்த வேலிகளுக்குள் மாட்டிக்கொண்டன. தாத்தா கல்லறைக்குப் பூ வைக்க வாசலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதே தீவில்தான் 1862இல் மிட்சல்வில் என்ற ஊர் உருவானது. விடுதலை பெற்றவர்கள் தாங்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தாங்களே சட்டம் போட்டு, குழந்தைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்த ஊர். இப்போது அங்கே ஒரு பூங்காவும் தகவல் பலகைகளும்.

பியூஃபோர்ட் வந்ததும் மனம் நிமிர்ந்தது. வளைந்து ஓடும் ஆறு, வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், கிளைகளில் சாம்பல் நிற ஜடையாகத் தொங்கும் பாசி. இந்த ஊரின் கதை தெற்கின் மற்ற இடங்களைப் போன்றதல்ல. போர் தொடங்கிய ஆண்டிலேயே, 1861 நவம்பர் 7 அன்று, வடக்குக் கடற்படை போர்ட் ராயல் கழிமுகத்தைப் பிடித்துவிட்டது. தோட்ட முதலாளிகள் ஒரே நாளில் ஓடினார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் அடிமைகள் பின்தங்கிவிட்டார்கள். எஜமானர்கள் வரச்சொல்லி அழைத்தும் வயல்களிலும் சதுப்பிலும் ஒளிந்துகொண்டவர்கள் பலர். ஆக, மற்ற இடங்களில் 1865இல் தொடங்கிய மறுசீரமைப்பு இங்கே மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்துக்கென்று, தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில், ஒரு நினைவிடம் 2017இல் இந்த ஊரில்தான் நிறுவப்பட்டது. தகவல் மையம் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது.

பிரின்ஸ் தெரு 511ஆம் எண் வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும். தனியார் வீடு. இதன் பின்கட்டில், அடிமைகளின் குடிசையில், 1839இல் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். போர்க் காலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ‘பிளான்டர்’ என்ற தெற்குப் படையின் நீராவிக் கப்பலை ஓட்டும் வேலை. 1862 மே 13 விடியலுக்கு முன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தன் மனைவி குழந்தைகளையும் சகாக்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சம்டர் கோட்டையைக் கடக்கும்போது சரியான ஊதல் குறிப்பையும் கொடுத்து, வடக்குக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லவும் வேண்டும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வருகிற, யாரும் படம் வரையாத கதை. 1862இல் நாடாளுமன்றம் ஒரு நிலவரிச் சட்டம் போட்டது. வடக்கின் கைக்கு வந்த பகுதிகளில் நில உடைமையாளர் வந்து வரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலம் அரசுக்கு, அப்புறம் ஏலத்துக்கு. ஓடிப்போனவர்கள் எப்படி வந்து கட்டுவார்கள்? கப்பலைக் கொண்டுவந்ததற்காகக் கிடைத்த பரிசுப் பணம் ஸ்மால்ஸிடம் இருந்தது. எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ அதே வீட்டை வரி ஏலத்தில் எடுத்தார். போர் முடிந்தபின் முந்தைய உடைமையாளரான டி டிரெவில் வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1878இல் தீர்ப்பு: ஏலக் கிரயம் செல்லும்.

ஆண்டைக் கவனியுங்கள். 1877இல் வடக்குப் படை தெற்கைக் கைகழுவிவிட்டது. கறுப்பர்களின் ஓட்டைத் துப்பாக்கி முனையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்கூட இந்த ஒரு காகிதத்தை அசைக்க முடியவில்லை. நேற்றைய கட்டளையை நினைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த வேலியருகே நின்றேன். வீட்டுக்காரர்கள் சந்தேகப்படப் போகிறார்கள் என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

புதன், செயின்ட் ஹெலினா தீவு

பியூஃபோர்ட்டிலிருந்து பாலங்களைக் கடந்தால் செயின்ட் ஹெலினா. கோல்ஃப் திடல் இல்லை, வாயிற்காவல் இல்லை. தக்காளி வயல்கள், இறால் படகுகள், சாலையோரம் சிறிய வீடுகள், வீட்டைச் சுற்றி வேண்டிய அளவு மண். காரணம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல. மாவட்ட நிர்வாகம் 1999இல் இந்தத் தீவுக்கென்று தனி நிலப் பயன்பாட்டு விதி கொண்டுவந்து, வேலியிட்ட குடியிருப்பு, உல்லாச விடுதி, கோல்ஃப் திடல் மூன்றையும் தடை செய்திருக்கிறது. அதை உடைக்க முயற்சிகள் வராமல் இல்லை. தீவு மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் போய் உட்கார்ந்து காப்பாற்றிவருகிறார்கள்.

பென் மையத்தின் வளாகம் பெரிய ஓக் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. 1862இல் வடக்கிலிருந்து வந்த லாரா டவுன், எலன் மரே என்ற இருவர் தொடங்கிய பள்ளி. அதே ஆண்டு ஃபிலடெல்பியாவிலிருந்து சார்லட் ஃபோர்ட்டன் என்ற கறுப்பின ஆசிரியையும் வந்து சேர்ந்தார். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. பள்ளி திறந்ததும் குழந்தைகளோடு பாட்டிமார்களும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லாரா டவுன் 1901இல் இறக்கும்வரை இந்தத் தீவை விட்டுப் போகவில்லை. போர்க் காலத்தில் வந்த வடக்கத்தியர் பலர் ஓரிரு ஆண்டுகளில் சலித்துத் திரும்பிவிட்டதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தன் இயக்கத்தினரோடு இங்கே வந்து தங்கி ஆலோசனை செய்வார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் தங்க இடம் கொடுக்கும் வளாகம் தெற்கில் அன்று அபூர்வம்.

எதிரில் செங்கல் தேவாலயம். 1855இல் அடிமைகளின் கைகளால் கட்டப்பட்டது. கட்டியவர்கள் மாடத்தில் உட்கார வேண்டும், கீழ்த்தளம் எஜமானர்களுக்கு. 1861இல் எஜமானர்கள் ஓடியதும் மாடத்திலிருந்தவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அதே சபையை நடத்துகிறார்கள்.

இந்தத் தீவின் ரகசியமும் அந்த வரி ஏலம்தான். முதல் ஏலங்களில் பெரும்பகுதி நிலம் வடக்கத்தியப் பணக்காரர்களுக்கும் அரசுக்கும் போனது. எட்வர்ட் ஃபில்பிரிக் என்ற பாஸ்டன்காரர் ஒருவரே பதினொரு தோட்டங்களை எடுத்தார். முன்னாள் அடிமைகளும் சும்மா இருக்கவில்லை. பத்து இருபது குடும்பங்கள் காசைச் சேர்த்துக் கூட்டாக ஏலம் கேட்டார்கள். பிறகு அரசு தன்னிடம் இருந்ததைப் பெரும்பாலும் பத்து ஏக்கர் துண்டுகளாக அவர்களுக்கு விற்றது. நாற்பதோடு ஒப்பிட்டால் பத்து ஒரு கைப்பிடி. ஆனால் இது காசு கொடுத்து வாங்கியது. கிரயப் பத்திரம் உண்டு. ஜான்சன் மற்ற தீவுகளில் நிலத்தைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தபோது இங்கே அதிகம் கைவைக்க முடியவில்லை.

மதியம் கல்லா சமையல் கடையில் சாப்பாடு. தக்காளி போட்ட சிவப்புச் சோறு, வெண்டைக்காய், இறால், காராமணியும் அரிசியும் சேர்த்து வேகவைத்த ஒரு சோறு. பெரும்பாலும் எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி ஒரு துண்டாவது கிடக்கும். என் மனைவி சைவம் என்று தெரிந்ததும் சமைக்கிற அம்மாள் வெளியே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் வெண்டைக்காயும் தக்காளியும் தனியாக வதக்கி, சோற்றோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் வெண்டைக்காய் வழவழப்பு எப்படிப் போகும் என்று மகளை மொழிபெயர்க்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள்தான் நான் யார் என்று கேட்டு, நிலப் பதிவு வேலை என்று அறிந்ததும், தன் குடும்ப நிலத்தின் கதையைச் சொன்னார். கொள்ளுத் தாத்தா வாங்கியது. அவர் உயில் எழுதவில்லை, அவர் பிள்ளைகளும் எழுதவில்லை. பாகப்பிரிவினை ஆகவே இல்லை. இப்போது நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் இருப்பவர்கள் உட்பட எத்தனை வாரிசுகள் என்று அவருக்கே தெரியாது. நம் ஊர்க் கூட்டுப் பட்டாச் சிக்கல்தான், ஆனால் இங்கே அதன் பல் கூர்மை. எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் துளிப் பங்கை ஒரு நில வியாபாரி வாங்கிவிட்டு, பங்கு பிரிக்கக் கேட்டு நீதிமன்றம் போவார். பிரிக்க இயலாது என்று நீதிமன்றம் மொத்த நிலத்தையும் ஏலத்துக்கு விடும். வியாபாரியே குறைந்த விலைக்கு எடுப்பார். அன்று எஜமானர்களால் பறிக்க முடியாமல் போன நிலம் இருபதாம் நூற்றாண்டில் இப்படித்தான் ஏக்கர் ஏக்கராகப் போனது.

இதைத் தடுக்க, மற்ற வாரிசுகளே முதலில் அந்தப் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தரும் சட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் தலைப்பிலேயே ஒருவர் பெயர் இருக்கிறது. கிளமென்டா பிங்க்னி. கொல்லப்பட்ட அவருடைய நினைவாகத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வியாழன், எடிஸ்டோ தீவு

படகில் போனால் பக்கம். காரில் கழிமுகங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் கம்பாஹி ஆற்றுப் பாலத்துக்கு ஹாரியட் டப்மன் பெயர். 1863 ஜூனில் வடக்குப் படகுகளுக்கு அவர் வழிகாட்டி வந்து, இந்த ஆற்றங்கரை நெல் தோட்டங்களிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை ஒரே நாளில் மீட்டார். பாலத்திலிருந்து பார்த்தால் பழைய நெல் வயல்களின் வரப்புகள் இன்னும் கோடுகளாகத் தெரிகின்றன. கடல் ஏற்ற இறக்கத்தை மதகால் அடக்கி நெல் விளைத்த மண். அந்த வரப்பில் ஒவ்வொரு கூடை மண்ணும் அடிமைகள் சுமந்தது.

எடிஸ்டோ ஷெர்மன் கட்டளையின் எல்லைக்குள் வரும். நாற்பது ஏக்கர் நம்பிக்கையோடு வந்து உழுதவர்கள் இங்கே ஏராளம். 1865 அக்டோபரில் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் வந்தார். விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர், நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். போரில் வலது கையை இழந்தவர். தேவாலயத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நிலம் பழைய உடைமையாளர்களுக்கே திரும்பப் போகிறது, நீங்கள் அவர்களோடு கூலி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும், அவர்களை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை அவருக்கு. கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் சோகப் பாட்டொன்றை எடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஹோவர்டும் அழுதார் என்கிறார்கள்.

பிறகு தீவு மக்கள் சார்பில் ஹென்றி பிராம், இஷ்மயல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் என்ற மூவர் அவருக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்த மனுவை நான் இரண்டு முறை படித்தேன். அதன் சாரம் இது: எங்கள் தீவின் நிலக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் ஒரு கையை மட்டும்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது சவுக்கடி கொடுத்தவன், என் தாயையும் சகோதரியையும் ஆடை உரித்து அடித்தவன், அவனுக்கு நடவு செய்து அவன் சொல்லும் கூலிக்குச் சம்மதித்தால் ஒழிய அவனுடைய காலிக் குடிசையில்கூட என்னைத் தங்கவிடாதவன், அவனை என்னால் எளிதில் மன்னிக்க முடியாது.

சமரசம், நல்லிணக்கம், காயங்களை ஆற்றுதல் என்று இந்தப் பயணத்தில் பார்த்த பலகைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. சண்டை போட்ட வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் கைகுலுக்கியது உண்மைதான். அந்தக் கைகுலுக்கலுக்கு விலையாகக் கொடுத்தது மூன்றாமவனின் நாற்பது ஏக்கரை. அவனிடம் கேட்டது மன்னிப்பை. கொடுத்தது ஒப்பந்தக் கூலியை. அதே ஆண்டு டிசம்பரில் தென் கரோலினா இயற்றிய கறுப்பர் சட்டம், வேலை ஒப்பந்தம் செய்கிற கறுப்பரை ‘வேலைக்காரர்’ என்றும், அமர்த்துகிறவரை ‘எஜமானர்’ என்றும்தான் குறிப்பிட வேண்டும் என்று சொல்லிற்று. விவசாயக் கூலியும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்யக் கறுப்பருக்குத் தனி உரிமமும் கட்டணமும். அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறிய அதே மாதத்தில் இது.

தீவில் ஹட்சின்சன் வீடு என்று ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹென்றி ஹட்சின்சன் 1885 வாக்கில் கட்டியது. பருத்தி ஜின்னிங் ஆலையும் வைத்து நடத்தியவர். கட்டளை போன பிறகும், காசைச் சேர்த்து விலைக்கு நிலம் வாங்கி நிமிர்ந்தவர்களின் அடையாளமாக அந்த மரவீடு நிற்கிறது. கொசு பிடுங்கியதால் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

வெள்ளி, கொலம்பியா

மாநிலத் தலைநகர். சட்டமன்றக் கட்டடத்தின் மேற்குச் சுவரில், 1865இல் ஷெர்மனின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்களை வெண்கல நட்சத்திரம் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். காயத்தை இவ்வளவு அக்கறையாகப் பாதுகாத்துவைத்திருக்கும் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே மறுசீரமைப்புக் காலத்தில் நடந்தது பற்றி வெளியே இருந்து எதுவும் தெரியாது. 1867 நவம்பரில் கறுப்பர்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். 1868இல், கறுப்பர் பெரும்பான்மையாக இருந்த ஓர் அரசியல் நிர்ணய சபை சார்ல்ஸ்டனில் கூடிப் புதிய சாசனம் எழுதியது. எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற கோரிக்கையைக் கொண்டுவந்தவர்களில் பியூஃபோர்ட் ராபர்ட் ஸ்மால்ஸும் உண்டு. சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பர் பெரும்பான்மை அமைந்த ஒரே மாநிலம் இது. 1873 முதல் 1877 வரை இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து படித்தார்கள். ரிச்சர்ட் கிரீனர் என்ற கறுப்பினப் பேராசிரியர் பாடம் நடத்தினார். அந்த ஆட்சியில் ஊழலும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கவிழ்த்தவர்களுக்கு ஊழல் ஒரு சாக்கு. ஊழல் செய்யாத கறுப்பரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1876 ஜூலையில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பினக் காவற்படையினரைச் சரணடையவைத்துச் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டதால் மாநிலத்தில் இரண்டு ஆளுநர், இரண்டு சட்டமன்றம். 1877 ஏப்ரல் 10 அன்று மத்தியப் படை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. வேட் ஹாம்ப்டன் உள்ளே போனார்.

புல்வெளியில் அவர் குதிரை மேல் இருக்கிறார். சற்றுத் தள்ளி பென் டில்மன். ஹாம்பர்க் கொலையில் பங்கெடுத்ததைப் பிற்காலத்தில் மேடை போட்டுப் பெருமையாகச் சொன்னவர். 1895இல் சாசனத்தைத் திருத்தி எழுதக் கூடிய சபையை முன்னின்று நடத்தியவரும் இவரே. கறுப்பருக்கு ஓட்டு இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. சாசனத்தின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டு விளக்க வேண்டும், பதிவு அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். தலைவரி வேறு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியது. என் தொழிலில் இருந்தவனுக்கு அந்த வரைவின் நேர்த்தி புரிகிறது, வயிற்றைப் புரட்டுகிறது.

அந்தச் சபையில் ஆறே ஆறு கறுப்பர்கள். அந்த ஆறில் ஐந்து பேர் பியூஃபோர்ட்டிலிருந்து வந்தவர்கள். பத்து ஏக்கர் ஊர். சொந்த மண் இருந்தவர்களைக் குடிசையைவிட்டு விரட்டுவேன் என்று மிரட்டி ஓட்டைப் பறிக்க முடியவில்லை, அதனால் 1895 வரை தங்கள் ஆளை அனுப்ப முடிந்தது. இதற்கு மேல் நிரூபணம் எனக்கு வேண்டாம். ஸ்மால்ஸ் அங்கே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கலப்பு மணத்தைத் தடை செய்கிறீர்களே, கறுப்பினப் பெண்ணோடு வாழும் வெள்ளையனுக்கு அரசுப் பதவி கிடையாது என்றும், பிறக்கிற குழந்தைக்குத் தகப்பன் பெயர் உண்டு என்றும் சேர்த்து எழுதுங்கள் என்றார். நிராகரித்துவிட்டார்கள். இறுதியில் புதிய சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

ஸ்மால்ஸுக்கு இந்த வளாகத்தில் சிலை வைக்க 2024இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஹாம்ப்டனும் டில்மனும் இருக்கும் அதே வளாகத்தில்தான். எங்கே வைப்பார்கள் என்று மாப்பிள்ளை இடம் தேடிக்கொண்டிருந்தார். “மாமா, டில்மன் முகத்துக்கு நேரே வைத்தால் என்ன?” என்றார். எனக்கும் சம்மதம்தான்.

காரில் ஏறியபின் மகளிடம், இந்த மாநிலத்தில் இப்போது நடப்பில் உள்ள சாசனம் எந்த ஆண்டினது என்று பார்க்கச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, “1895 என்று இருக்கிறது, அப்பா” என்றாள். பிறகு சற்று யோசித்து, “அப்படியானால் ஸ்மால்ஸ் கையெழுத்துப் போடாத அதே பத்திரமா?” என்றாள். அதேதான். பிழைத்திருத்தல் பத்திரங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன.